பந்தல் பிரித்த மறுநாள்

அப்பச்சி (எங்கள் செட்டிநாட்டில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம், அம்மா ஆத்தா) காலமாகிப் பதினாறும் முடிந்தது. கேதம் கேட்க வந்தவர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் ஆத்தா வழக்கம்போல இரண்டு டம்ளர் காபி கலந்திருக்கிறார்கள். நாற்பத்தாறு வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்று ஆறிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அங்கணத்தில் ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. எட்டு மாதம் இது நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அதுவரை போனில் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "நல்லா இருக்கேன்டா. நீ சாப்ட்டியா?"

நன்றாக இல்லை என்பதை உடம்புதான் முதலில் சொன்னது. தலைவலி, நெஞ்சடைப்பு, வயிற்றில் ஒரு கனம், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் மாறி மாறி டாக்டர்களைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஸ்கேன் எல்லாமே சரியாக இருந்தன. நான்காவதாகப் பார்த்த டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "ஒடம்புல ஒண்ணும் இல்லம்மா. மனசுவிட்டுப் பேச ஒருத்தரப் பாருங்க" என்று காரைக்குடியில் ஒரு கவுன்சலரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். காரில் ஏறியதும் ஆத்தா கேட்ட முதல் கேள்வி, "எனக்கென்ன பைத்தியமாடா பிடிச்சிருக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் ஆத்தாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

வாழ்க்கையில் வரும் மாற்றம் மனிதனை எவ்வளவு அசைக்கிறது என்பதை அளந்து பார்க்க 1967இல் அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள் ஓர் அட்டவணை போட்டார்கள். அதில் 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100. விவாகரத்து 73. வேலை போவது 47. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவது 29. வீடு மாறுவது 20. இதுவரை ஆச்சரியம் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு 50 என்று இருக்கிறது, பணி ஓய்வுக்கு 45, வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேருவதற்கு 39. சந்தோஷமான காரியங்களையும் அவர்கள் இதே பட்டியலில்தான் வைத்தார்கள். நடந்தது நல்லதா கெட்டதா என்று அவர்கள் கேட்கவில்லை. பழகிய தினசரி எவ்வளவு கலைந்தது, அதைத் திரும்ப அடுக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து ஒருவருக்கு இவ்வளவு நோய் வரும் என்று சொல்ல முடியாது என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியது நியாயம்தான். ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் எழுதியதன் சாரம் இது: நடந்த நிகழ்வு மட்டும் நம்மை அழுத்துவதில்லை. "இது எனக்கு என்ன செய்யும்?", "இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?" என்று நம் மனம் போடும் இரண்டு கணக்கும் சேர்ந்துதான் அழுத்துகிறது. ஒரே இழப்பு அக்காளையும் தங்கையையும் வேறு வேறு விதமாகத் தாக்குவது இதனால்தான். கவுன்சலிங் என்கிற உளவள ஆலோசனைக்கு வேலை இருப்பதும் இந்த இடத்தில்தான். நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும்.

மாற்றத்தைத் தெரிந்த ஊர்

செட்டிநாட்டுக்கு மாற்றம் புதிதில்லை. தொழிலுக்காகக் கடல் கடந்து போவதற்குக் 'கொண்டுவிற்க'ப் போவது என்று ஒரு சொல்லே எங்களிடம் உண்டு. செட்டியார் வீட்டு ஆண்கள் கல்யாணமான சூட்டோடு பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் சைகோனுக்கும் கப்பல் ஏறி, மூன்று வருஷக் கணக்கு முடிந்து திரும்பி, பிறகு மறுபடியும் போனார்கள். ஊரில் இருந்தது பெண்களும் குழந்தைகளும் வயதானவர்களும்தான். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் செட்டியார்களின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பணத்தில்தான் பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் வந்து கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வீடுகள் எழுந்தன. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். அதில் ஊர் வந்து சேராதவர்களும் உண்டு. 1960களில் பர்மாவில் எல்லாம் தேசியமயமானதும் மிச்சம் இருந்ததும் போயிற்று.

இவ்வளவையும் இந்த மண் எப்படித் தாங்கியது? வீட்டின் அமைப்பிலேயே பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி எட்டு அறைகள். கல்யாணமானவுடன் பையனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. அரிசி, பருப்பு, பாத்திரம் கொடுத்துத் தனி அடுப்பு மூட்டித் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, ஆக்குவார்கள், ஆனால் அதே கூரையின் கீழ். புது வாழ்க்கையைத் தானே நடத்தவும் வேண்டும், தடுக்கினால் பிடிக்க நான்கு எட்டில் ஆளும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்த ஏற்பாடு அது. புருஷன் கடல் தாண்டிப் போன பெண்ணுக்கு அடுத்த அறையில் அதே நிலையில் ஓரகத்தி இருந்தாள். பெரிய வீட்டுக்குள் சண்டைக்கும் பொறாமைக்கும் பஞ்சமில்லை, அழுகையை அடக்கிக்கொண்டு செத்துப் போனவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் ஒருவர் இரண்டு டம்ளர் காபி போட்டால் கவனிக்க அங்கே ஆள் இருந்தது.

சடங்கும் நிறைய. கல்யாணத்தில் சாமான் பரப்புவதிலிருந்து இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவதுவரை, அறுபதுக்குச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு, இறந்தவருக்குப் பதினாறு என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாள் குறித்து, ஆள் கூட்டி, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நடந்தது நடந்ததுதான் என்று மனத்துக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. அது முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறார்கள், சமையல்காரர் அண்டா குண்டாவை வண்டியில் ஏற்றுகிறார், கார்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் விமானம் பிடிக்கப் போகின்றன. எட்டு அறையில் ஏழு பூட்டப்படுகின்றன. அந்த மறுநாளுக்கென்று நம்மிடம் சடங்கு எதுவும் இல்லை. முன்னே அது தேவைப்படவில்லை, வீடு நிறைய மனிதர்கள் இருந்தார்கள். உளவள ஆலோசனை செட்டிநாட்டுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த மறுநாளுக்கு.

சொல்லப்படாதவை

அழுவதற்கு ஊர் அனுமதி தரும் மாற்றங்கள் உண்டு, சாவு அதில் ஒன்று. அனுமதி தராதவையும் உண்டு.

பிள்ளை கூட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வாரிசில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பையனைச் சுவீகாரம் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சில சமயம் விவரம் தெரிந்த வயதிலேயே நடக்கும். ஊர்கூடி மாலை போட்டு, விருந்து வைத்து, பையன் இன்றுமுதல் அந்த வீட்டுப் பிள்ளை. நேற்றுவரை ஆத்தா என்று கூப்பிட்டவர்களை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவன் திணறுவான். பெற்றவளுக்கும் மனம் கனக்கும், ஆனால் மங்கல காரியத்தில் கண்ணீர் விடக் கூடாது. சொத்துக்குத்தான் போனான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவனும் வாயைத் திறக்க மாட்டான். இதைப் பற்றி முப்பது வருஷம் கழித்து முதல்முறையாகப் பேசிய ஒருவரை எனக்குத் தெரியும். "ரெண்டு வீட்டுக்கும் பிள்ளைன்னு சொல்றாக. ரெண்டு வீட்லயும் விருந்தாளியா இருந்தேன்" என்றார்.

செட்டியார்கள் மட்டுமே செட்டிநாடு இல்லை. கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ கட்டட வேலைக்குப் போக, மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் பெண்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் வருகிறது, வீடியோ காலில் முகம் தெரிகிறது, அப்புறம் என்ன குறை என்பார்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படிப்பட்ட நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தார். ஆள் இருக்கிறார், அருகில் இல்லை. அல்லது அருகில் இருக்கிறார், நினைவு தப்பியதால் மனத்தளவில் இல்லை. முடிவு தெரியாத இழப்பு என்பதுதான் அந்தப் பெயர். முடிந்ததாக அழவும் முடியாது, முடியவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 1942இல் பர்மாவிலிருந்து திரும்பாதவருக்காகத் தாலியைக் கழற்றாமலே காத்திருந்த கிழவிகளைப் பற்றிச் சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வருத்தத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும் ஆண்களும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் கையெழுத்துப் போட்ட கைக்குத் திடீரென்று வேலை இல்லை. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று அதுவரை அவர் பார்த்ததும் இல்லை, அவர் அங்கே உட்கார்ந்திருப்பது மனைவிக்குப் பழக்கமும் இல்லை.

அந்த அறையில் என்ன நடக்கிறது

ஆலோசனையைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றும் சொல்கிறார்கள். நல்ல சொல். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனிடம் எந்த வழியில் போனால் எந்தக் கொடையாளியைக் காணலாம் என்று சொல்லும் சங்க இலக்கிய மரபின் பெயர் ஆற்றுப்படை. வழி சொல்பவன் மற்றவனைத் தோளில் தூக்கிப் போவதில்லை, நடக்க வேண்டியவன் அவன்தான். கார்ல் ராஜர்ஸ் 1940களில் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தேடி வருபவரை நோயாளி என்று சொல்லாமல், தன் வாழ்க்கையைத் தானே நன்கு அறிந்தவர் என்று நம்பிக் காதுகொடுத்தால், அவரே வழியைக் கண்டுபிடிப்பார் என்றார்.

ஆத்தா போன முதல் நாள் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே நடந்ததை அவர்களாகப் பிறகு சொன்னார்கள். கவுன்சலர் முப்பத்தைந்து வயதுப் பெண். வியாதியைப் பற்றிக் கேட்கவில்லை. "காலையில எந்திரிச்சதும் மொத வேலை என்ன ஆச்சி?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு டம்ளர் காப்பி போடுவேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ரெண்டாவது டம்ளரப் பத்திச் சொல்லுங்க" என்றாராம்.

முக்கால் மணி நேரம் ஆத்தா பேசியிருக்கிறார்கள். "குறுக்க ஒரு வார்த்தை பேசலடா அந்தப் புள்ள. அழாதீகன்னும் சொல்லல" என்று திரும்பி வரும்போது சொன்னார்கள். எட்டு மாதமாக நாங்கள் எல்லோரும் சொன்ன ஒரே வாசகம் "அழாதீக" என்பதுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் நடந்தவை சின்னச் சின்ன வேலைகள். முதலில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று கவுன்சலர் விளக்கினார். ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், தூக்கம் கலையும். பாம்பைக் கண்டு ஓட அது உதவும். பாம்பு போன பிறகும் மாதக்கணக்கில் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தால் உடம்பு களைத்துவிடும். தலைவலி பொய்யில்லை என்று ஒருவர் சொன்னதே ஆத்தாவுக்குப் பாதி மருந்து.

பிறகு பிரித்து வைத்தார்கள். ஆத்தாவின் மனத்தில் அப்பச்சியின் மறைவு, வீட்டை என்ன செய்வது, என்னோடு சென்னைக்கு வருவதா, தங்கைக்கு மனக்கஷ்டம் வருமா, எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடந்தன. இதில் போனது எது, முடிவு செய்ய வேண்டியது எது, இந்த வருஷம் முடிவு செய்யவே தேவையில்லாதது எது? வீட்டு விஷயம் மூன்றாவதில் விழுந்தது. வருத்தம் பச்சையாக இருக்கும்போது வீட்டை விற்பது, ஊர் மாறுவது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிவைப்பது நல்லது. எங்களைப் போன்ற பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு இதில்தான். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் பதினாறு முடிந்த கையோடு ஆத்தாவைப் பெட்டி கட்டச் சொல்கிறோம். ஒரு இழப்போடு இன்னும் இரண்டு சேர்கிறது: வீடு, ஊர்.

கணக்கு நோட்டு யோசனை ஆத்தாவுடைய வாழ்க்கையிலிருந்தே வந்தது. அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவு எழுதுகிறவர்கள். அதே போல ஒரு நோட்டுப் போட்டு, அன்றைக்குத் தெம்பு கொடுத்ததை வரவிலும் தெம்பை எடுத்ததைப் பற்றிலும் எழுதச் சொன்னார் கவுன்சலர். செயலைக் கூட்டினால் மனநிலை பின்னால் வரும் என்பது இதன் அடிப்படை. மனம் சரியானால் செய்வோம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்ததில் கொஞ்சத்தை நாள் குறித்துச் செய்ய ஆரம்பிப்பது. மனச்சோர்வுக்குத் தரும் சிகிச்சைகளில் நன்கு சோதிக்கப்பட்ட முறைகளில் இதுவும் ஒன்று. முதல் வாரப் பக்கம் இப்படி இருந்தது. பற்று: விளக்கு வைக்கிற நேரம். பற்று: ராத்திரி ரெண்டு மணி. பற்று: அவுக செருப்பு. வரவு: பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தது.

காலையில் செருப்பைப் பார்த்து அழுதவர், பத்து மணிக்குக் கீரைக்காரியிடம் பேரம் பேசிச் சிரித்தால் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999இல் சொன்னது ஆத்தாவுக்கு ரொம்ப உதவியது. துக்கம் படிப்படியாக ஏறி முடியும் படிக்கட்டு மாதிரி இருப்பதில்லை. இழந்ததை நினைப்பதும், இனி நடத்த வேண்டியதைப் பார்ப்பதும் என்று மனம் ஊஞ்சல் மாதிரி போய் வரும். போய் வருவதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கம் நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டும்.

எந்த ஊரு, எந்தக் கோவில்

எங்கள் பக்கத்தில் புதியவரைப் பார்த்தால் மூன்று கேள்வி வரும். எந்த ஊரு, எந்தக் கோவில் (குலப் பிரிவைத்தான் அப்படிக் கேட்பார்கள்), எந்த வீடு. மூன்றாவது பதிலில் யாராவது ஒரு சொந்தம் வந்து நிற்கும். அந்த நெருக்கம் எங்கள் பலம். ஆலோசனைக்குப் போகத் தயங்குவதற்கும் அதுதான் காரணம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில், அவுக ஆத்தா மனசு டாக்டரிடம் போறாக என்ற பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று பயம். நல்ல ஆலோசகர் அந்த மூன்று கேள்வியைக் கேட்பதில்லை. சொன்னதை வெளியே சொல்லாதது அவர் தொழிலின் அடிப்படை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ரகசியத்தைச் சிகிச்சை பெறுபவரின் உரிமையாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தெரிவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டுத் தெளிவு பெறலாம், படிப்பு என்ன, பயிற்சி எங்கே என்றும் கேட்கலாம். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருப்பார். கவுன்சலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள் என்பதால் இந்தக் கேள்விகள் அவசியம். பத்து நிமிஷத்தில் "நீங்க இப்படிப் பண்ணுங்க" என்று தீர்ப்புச் சொல்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம்.

ஆள் முகம் பார்க்கத் தயங்குகிறவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு நேரில் போகலாம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டாலோ, குடி அதிகமானாலோ, இல்லாத குரல் கேட்டாலோ பேச்சு மட்டும் போதாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆலோசகர் எண்ணிக்கை ஊருக்குப் போதாது என்பது உண்மை. இந்தக் குறைக்கு ஜிம்பாப்வேயில் ஒரு வழி கண்டார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். வருத்தத்தோடு வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், பாட்டி கேட்பார், ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து அதற்கு ஒரு வழியை அவரையே யோசிக்க வைப்பார். இதை முறையாகச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகு பெஞ்சுக்குப் போனவர்களிடம் மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த ஊர் மொழியில் மனச்சோர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்கு 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். "ஒரே யோசனையாவே இருக்கு" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் அதே.

தெருவுக்குத் தெரு திண்ணை உள்ள ஊர் இது. கேட்கத் தெரிந்த ஆச்சிமார்களும் இருக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகம் 1985லிருந்து காரைக்குடியில் நடக்கிறது. பயிற்சி கொடுக்கும் இடமும் பயிற்சி பெறும் ஆளும் பத்து மைல் சுற்றளவுக்குள் இருக்கும்போது, இதைச் செய்து பார்க்காமல் இருப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. பயிற்சி இல்லாமல் செய்தால் ஊர்வம்பாகிவிடும். அந்த ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஆத்தா பத்துத் தடவை போனார்கள். சென்னைக்கு வரவில்லை. இரண்டு அறைகளைத் திறந்து பெருக்கச் சொல்லியிருக்கிறார்கள், சாயங்காலம் நான்கு பிள்ளைகள் கணக்குப் படிக்க வருகிறார்கள். தலைவலி இன்னும் எப்போதாவது வரும். போன மாதம் ஊருக்குப் போனபோது அந்த நோட்டு பட்டாலையில், அதாவது கூடத்தில், திறந்து கிடந்தது. வரவுப் பக்கத்தில், தேதி போட்டு, 'ரெண்டாவது காப்பி' என்று இருந்தது. பற்றில் இருந்தது எப்போது இந்தப் பக்கம் வந்தது, யார் குடித்தது என்று கேட்டேன்.

"அதெல்லாம் அந்தப் புள்ளகிட்டச் சொல்லியாச்சு" என்று நோட்டை மூடிவிட்டு, அடுப்படிக்குப் போனார்கள்.